சங்கத்தின் மென்பொருளும் உறுப்பினரின் உரிமையும்

கணினி அமைப்பை மாற்றுவதை அலுவலகத்துக்கு வெள்ளையடிப்பது போன்ற ஒரு வேலையாகவே நம் வணிகர் சங்கங்கள் பலவும் கருதுகின்றன. ஒரு துணைக் குழு, மூன்று விலைப்புள்ளிகள், செயற்குழுவில் ஒரு தீர்மானம், குத்துவிளக்கேற்றி ஒரு தொடக்க விழா. அத்துடன் வேலை முடிந்தது என்று எண்ணுகிறார்கள். அப்படி முடியாமற்போன ஒரு முயற்சியை நான் அருகிலிருந்து பார்த்தேன். பார்த்தேன் என்று மட்டும் சொல்லி ஒதுங்கிக்கொள்ள முடியாது. அது கோணலானதில் எனக்கும் பங்குண்டு.

கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, தென்மாவட்ட நகரம் ஒன்றின் வணிகர் சங்கத்தில் மதிப்புறு ஆலோசகராக இருக்கும்படி என்னை அழைத்தார்கள். ஊதியம் கிடையாது, மாதம் ஒரு கூட்டம், காபி, உளுந்து வடை. பல ஆண்டுகள் கரும்பலகையில் கோடுகளாக வரைந்து காட்டிய சந்தையை நேரில் பார்க்கலாமே என்று ஒப்புக்கொண்டேன். ஜவுளி, மருந்து, இரும்பு, மளிகை, மண்டி எனப் பல தொழில்களைச் சேர்ந்தவர்கள் உறுப்பினர்களாக இருந்த பழைய சங்கம் அது. உறுப்பினர் பதிவேடு மூன்று இடங்களில் இருந்தது. இரும்பு பீரோவில் கனத்த பேரேடுகளாக ஒன்று. மேலாளரின் கணினியில் எக்செல் கோப்பாக ஒன்று. சந்தா வரவைக் காட்டும் டேலி கணக்கில் ஒன்று. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஆனால், மூன்றையும் ஒத்துப்போகச் செய்யும் நான்காவது பதிவேடு ஒன்று இருந்தது. அது மேலாளரின் நினைவில் இருந்தது. எந்தக் கடையை அப்பா நடத்தினார், இப்போது எந்த மகன் நடத்துகிறார், யார் பெயரில் ரசீது, யார் கையிலிருந்து பணம் என்பதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரியும்.

இத்தகைய அமைப்புகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. உலகின் மிகப் பழைய வர்த்தக சபையாகக் கருதப்படுவது பிரான்சின் மார்செய் நகரில் 1599-இல் தோன்றியது. மெட்ராஸ் வர்த்தக சபை 1836-இலும், மதுரையின் தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கம் 1924-இலும், கோவையின் கொடிசியா 1969-இலும், திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் 1990-இலும் அமைந்தன. இவற்றுக்குக் கீழே, பெயர் வெளியே தெரியாத நூற்றுக்கணக்கான ஊர்ச் சங்கங்கள் இயங்குகின்றன. பெரிய சபைகளுக்குத் தகவல் தொழில்நுட்பத்துக்கெனத் தனி அலுவலர்கள் இருக்கலாம். ஊர்ச் சங்கத்தில் ஒரு மேலாளர், ஓர் எழுத்தர், ஓர் உதவியாளர். என் கவலை இந்தச் சங்கங்களைப் பற்றியது.

ஒரு வணிகர் ஏன் சந்தா கட்டுகிறார்? பொருளியலாளர்களுக்கு இது பழைய கேள்வி. அமெரிக்கப் பொருளியலாளர் மான்சர் ஓல்சன், கூட்டுச் செயல்பாடு குறித்து 1965-இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் ஆராய்ந்தார். சங்கம் போராடி ஒரு வரியைக் குறைத்தால், சந்தா கட்டாதவருக்கும் அந்தக் குறைப்பு கிடைத்துவிடுகிறது. அப்படியானால் கட்டாமலே இருப்பதுதானே லாபம்? பெரிய குழுக்களில் ஒவ்வொருவரும் இவ்வாறு எண்ணுவதால், உறுப்பினருக்கு மட்டுமே கிடைக்கும் தனிப் பலன் ஏதாவது இருந்தால்தான் அமைப்பு நிலைக்கும் என்பது அவரது வாதம். பரிந்துரைக் கடிதம், தகராறுகளில் சமரசம், பயிற்சி வகுப்பு, உறுப்பினர் கையேடு, ஏற்றுமதியாளருக்குப் பொருள் தோற்றச் சான்றிதழ் ஆகியவை அத்தகைய பலன்கள்.

இந்தப் பலன்கள் அனைத்தும் உறுப்பினர் பட்டியல் என்ற ஒரே வாசல் வழியாகவே வெளியே வருகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். பட்டியலில் பெயர் இருப்பவருக்குக் கடிதம் உண்டு, இல்லாதவருக்கு இல்லை. ஆகவே, பட்டியலை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, சங்கம் தன் உயிர்நாடியை இடம் மாற்றுகிறது. மாற்றாமலும் இருக்க முடியாது. சலுகை வரி சாராத தோற்றச் சான்றிதழ்களுக்கான விண்ணப்பம் 2025 ஜனவரி 1 முதல் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் மின்னணுத் தளத்தின் வழியாகவே வர வேண்டும் என்றாகிவிட்டது. முத்திரையும் மைப்பெட்டியுமாகச் சான்றிதழ் வழங்கி வந்த சபைகள் எல்லாம் கணினிக்கு வந்தே ஆக வேண்டியிருந்தது.

எங்கள் சங்கத்திலும் கோரிக்கை நியாயமானதாகவே இருந்தது. இளைய உறுப்பினர்கள் சந்தாவை யுபிஐ வழியாகக் கட்ட விரும்பினார்கள். ஒரு கடிதம் வாங்குவதற்குக் கடையைப் பூட்டிக்கொண்டு ஏன் வர வேண்டும் என்று கேட்டார்கள். புதிய தலைவர் சுறுசுறுப்பானவர். தம் பதவிக்காலத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று விரும்பினார். மென்பொருள் நிறுவனத்தார் வந்து திரையில் செயல்விளக்கம் காட்டினார்கள். வண்ண வரைபடங்கள், கைப்பேசிச் செயலி, பிறந்தநாள் வாழ்த்து தானாகப் போகும் வசதி எல்லாம் இருந்தன. பிறந்தநாள் வாழ்த்துக்குக் கிடைத்த கைதட்டல் வேறெதற்கும் கிடைக்கவில்லை. மேலாளர் பின்வரிசையில் அமர்ந்திருந்தார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

தேவைகளைப் பட்டியலிடும் கூட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தது. மூன்று பதிவேடுகளையும் இணைக்கும்போது, ஒரே கடை இரண்டு முறை வராமல் தடுப்பது எப்படி? ஒவ்வோர் உறுப்பினருக்கும் வேறெவருக்கும் இல்லாத ஓர் அடையாளம் வேண்டும். நான்தான் விடை சொன்னேன். ஜிஎஸ்டி எண்ணை வைத்துக்கொள்ளலாம் என்றேன். பதினைந்து இடங்கள் கொண்ட எண். முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து நிரந்தரக் கணக்கு எண். அரசே சரிபார்த்துக் கொடுத்தது, பிழைக்கு இடமில்லை என்று விளக்கினேன். பேராசிரியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் தலையசைத்தார்கள். படிவத்தில் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரக் குறி ஏறியது. நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது.

நிதியாண்டு முடிகிறது, கணக்கும் முடிகிறது, புதிய ஆண்டைப் புதிய அமைப்பில் தொடங்குவோம் என்று ஏப்ரல் 1-ஐ நாள் குறித்தோம். கணக்கு முடிக்கும் நேரத்தில் சங்க அலுவலகத்தில் தலை நிமிர நேரமிருக்காது என்று மேலாளர் மெல்லச் சொன்னார். அது பழைமையில் ஊறியவரின் தயக்கமாகவே எங்களுக்குப் பட்டது. குறித்த நாளில் புதிய மென்பொருள் இயங்கத் தொடங்கியது. எக்செல் கோப்பைப் பார்வைக்கு மட்டும் என்று பூட்டிவைத்தார்கள். முதல் சில வாரங்கள் எல்லாம் ஒழுங்காகவே தோன்றின. கைப்பேசிக்கு ரசீது வந்தது, இளைஞர்கள் பாராட்டினார்கள்.

சிக்கல், நிர்வாகிகள் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எடுத்தபோது வெளிப்பட்டது. பட்டியலை ஒட்டிய இரண்டாம் நாள், வாழைமண்டி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் துணிப்பையோடு அலுவலகத்துக்கு வந்தார். பைக்குள் ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய சந்தா ரசீதுகள். சிலவற்றின் மை மங்கி, தாள் பழுப்பேறிப்போயிருந்தது. அவற்றை மேசையில் வரிசையாக அடுக்கிவிட்டு என்னைப் பார்த்து, "சார், நான் இந்தச் சங்கத்துல இருக்கேனா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

அவரிடம் ஜிஎஸ்டி எண் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. வரிவிலக்குப் பெற்ற பொருள்களை மட்டுமே விற்பவர் ஜிஎஸ்டியில் பதிவு செய்ய வேண்டியதில்லை. புதிய வாழைக்காய், காய்கறி, பூ ஆகியவை அந்த வகையில் சேரும். சரக்கு விற்பனையில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு கடைக்காரருக்கும் பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. இந்தச் சட்டம் எனக்குத் தெரியாததன்று. ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்த 2017-லிருந்து அதைப் பற்றி எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். ஆனாலும், அடையாள எண்ணைப் பற்றி யோசித்தபோது எண் இல்லாதவரைப் பற்றி நான் யோசிக்கவில்லை. பூ மார்க்கெட்டும் காய்கறி மார்க்கெட்டும் வாழைமண்டியும், மூலைமுடுக்கிலுள்ள சிறு கடைகளும் பட்டியலிலிருந்து காணாமற்போயிருந்தன. எதிர்த் திசையிலும் ஒரு பிழை நேர்ந்திருந்தது. ஒரே ஜிஎஸ்டி எண்ணில் மூன்று கிளைகள் நடத்தி, மூன்று சந்தா கட்டியவர், ஒரே உறுப்பினராகச் சுருங்கியிருந்தார்.

ஒரு சங்கத்தில் யார் உறுப்பினராகலாம் என்பதைத் துணைவிதிகள் தீர்மானிக்கின்றன. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவான சங்கம் அவற்றைத் திருத்த வேண்டுமானால், பொதுக்குழு கூடிச் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்; பதிவாளருக்கும் அனுப்ப வேண்டும். எங்கள் துணைவிதிகளில் ஜிஎஸ்டி என்ற சொல்லே இல்லை. அந்தச் சொல் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டவை அவை. இருந்தும், ஒரு சிவப்பு நட்சத்திரக் குறி அத்தனை நடைமுறைகளையும் தாண்டிப்போய், பதிவு பெறாத வணிகர் உறுப்பினராக முடியாது என்ற புதிய விதியை எழுதிவிட்டது. யாரும் முன்மொழியவில்லை, யாரும் வாக்களிக்கவில்லை. மென்பொருளைப் பற்றி நம் நிர்வாகிகள் அஞ்ச வேண்டியது இதற்குத்தான். திரை உறைந்துபோவதும் இணையம் துண்டிக்கப்படுவதும் உடனே கண்ணில் படும் கோளாறுகள். விதி மாறிப்போவது கண்ணில் படாது.

பெரிய கடைக்காரர்கள் சிலர், "அவர்கள் கட்டுவது சொற்பச் சந்தா, போனால் போகட்டும்" என்று தனியே சொன்னதும் என் காதுக்கு வந்தது. கணக்கைப் பார்த்தால் உண்மைதான். சங்கத்தின் வருமானத்தில் பெரும்பகுதி பெரிய உறுப்பினர்களிடமிருந்தே வருகிறது. ஆனால், மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கப்போகும்போது சங்கத்தின் பலம் வருமானமன்று. பின்னால் நிற்கும் தலைகள். நகராட்சி கடை வாடகையை உயர்த்தும்போது முதலில் தெருவுக்கு வருபவரும் சிறு கடைக்காரர்தான்.

தேர்தலைத் தள்ளிவைத்தார்கள். என் யோசனையால் விளைந்த பிழை என்பதைச் செயற்குழுவில் எழுந்து சொன்னேன். பூட்டிவைத்த எக்செல் கோப்பு திறக்கப்பட்டது. பழைய முறையும் புதிய முறையும் மூன்று மாதம் இணையாக ஓடின. மேலாளரும் கணினி தெரிந்த ஓர் இளம்பெண்ணும் பீரோவிலிருந்த பேரேடுகளைத் திறந்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டார்கள். ஜிஎஸ்டி எண் விருப்பத்துக்குரிய விவரமாக மாறியது. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து வழங்கிவந்த பழைய உறுப்பினர் எண்ணே மீண்டும் அடையாளமாயிற்று. இவ்வளவு எளிய விடை பேரேட்டின் முதல் பத்தியிலேயே இருந்தது.

அந்த ஒப்பீட்டில் நான் கற்றுக்கொண்டவை ஏராளம். தமிழ்ப் பெயர்கள் கணினிக்குள் படும் பாடு தனிக் கதை. புதிய மென்பொருள் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கேட்டது. நமக்குக் குடும்பப்பெயர் ஏது? அப்பாவின் பெயர் சிலருக்கு முன்னாலும் சிலருக்குப் பின்னாலும் போய் உட்கார்ந்தது. ஒரே மனிதர் ஒரு பட்டியலில் 'இரா.' என்றும் மற்றொன்றில் 'ஆர்.' என்றும் இருந்தார். 'அன் கோ', 'அண்டு கோ', 'அண்ட் கம்பெனி' ஆகிய மூன்றும் ஒரே கடைதான் என்று இயந்திரத்துக்குத் தெரியாது. போதாததற்கு, எக்செல் கோப்பின் ஒரு பகுதி, ஒருங்குறிக்கு முந்திய தமிழ் எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. ஆனால், நம் அலுவலகங்களில் பழைய எழுத்துருக்கள் அதன் பிறகும் நெடுநாள் வாழ்ந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தபோது, மரியாதைக்குரிய வணிகர்களின் பெயர்கள் அர்த்தமற்ற குறிகளாகத் தெரிந்தன. மென்பொருள் நிறுவனம் அவற்றைப் பழுதான பதிவுகள் என்று ஒதுக்கியிருந்தது. தரவு பழுதாகவில்லை, படிக்கத்தான் தெரியவில்லை. ஒதுக்கப்பட்ட பதிவுகளின் பட்டியலை யாராவது கேட்டிருந்தால் ஏப்ரலிலேயே இது தெரிந்திருக்கும். கேட்க வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியவில்லை.

ஒரே நாளில் மாறுவதன் ஆபத்து ஊர்ச் சங்கத்துக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் தன் வாடிக்கையாளர்களின் கணக்குகளை ஒரு வார இறுதியில் புதிய தளத்துக்கு மாற்றியது. திங்கட்கிழமை வந்தபோது லட்சக்கணக்கானோரால் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. சேவைகள் முழுமையாக இயல்புக்குத் திரும்ப அந்த ஆண்டின் டிசம்பர் ஆயிற்று. ஒழுங்குமுறை அமைப்புகள் 2022-இல் அவ்வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. தலைமைத் தகவல் அலுவலராக இருந்தவருக்கு மறு ஆண்டு தனியே அபராதம் விதிக்கப்பட்டது. கவனிக்க வேண்டிய செய்தி, அங்கே தரவு சரியாகவே போய்ச் சேர்ந்தது என்பது. தளம்தான் சுமையைத் தாங்கவில்லை. எங்களுக்கு நேர்ந்தது நேரெதிர்: தளம் பிரமாதமாக ஓடியது, ஆட்களைத்தான் காணவில்லை. இரண்டையும் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கக் கூடியது ஒன்றுதான்: பழையதைக் கைவிடாமல், சிறு பகுதியை மட்டும் முதலில் மாற்றிப் பார்ப்பது. அதற்குப் பணம் கூடுதலாகும். பணியாளர் இருமுறை பதிவு செய்ய வேண்டும். அதனாலேயே விலைப்புள்ளி ஒப்பீட்டில் அந்த யோசனை முதலில் அடிபட்டுப்போகிறது.

நிர்வாகிகளின் பதவிக்காலமும் ஒரு காரணம். இரண்டாண்டுக்கு ஒருமுறை தலைவர் மாறும் அமைப்பில், தம் காலத்திலேயே திறப்பு விழா நடக்க வேண்டும் என்ற அவசரம் இயல்பானது. அடுத்து வருபவருக்கோ முன்னவர் தொடங்கியதில் ஆர்வம் இருப்பதில்லை. ஆனால், மென்பொருளின் செலவு திறப்பு விழாவோடு முடிவதில்லை. இணையவழி மென்பொருளுக்கு ஆண்டுதோறும் வாடகை போலக் கட்டணம் கட்ட வேண்டும். எங்கள் செயற்குழு கட்டடத்துக்கு நிதி திரட்டுவது போல இதற்கு ஒருமுறை நன்கொடை திரட்டியிருந்தது. இரண்டாம் ஆண்டுக் கட்டணச் சீட்டு வந்தபோது பொருளாளர் திகைத்துப்போனார்.

இன்னொன்றும் ஒப்பந்தத்தில் விடுபட்டிருந்தது. நிறுவனத்தை விட்டு விலகினால் எங்கள் உறுப்பினர் விவரங்களை எந்த வடிவில், எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. கடையை வாடகைக்கு எடுக்கும்போது காலி செய்யும் நிபந்தனையை மூன்று முறை படிக்கும் வணிகர்கள், இதை ஒருமுறைகூடப் படிக்காமல் கையெழுத்திட்டார்கள். பிறகு பேசிச் சேர்த்தோம். ஆண்டுக்கு இருமுறை முழுப் பட்டியலையும் சாதாரணக் கோப்பாகத் தர வேண்டும் என்பது இப்போது நிபந்தனை. கோப்பு வந்தவுடன் அதைத் திறந்து, எண்ணிக்கையை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது நாங்கள் எங்களுக்கே விதித்துக்கொண்ட நிபந்தனை.

உறுப்பினரின் கைப்பேசி எண்ணும் முகவரியும் அவருக்குச் சொந்தமான விவரங்கள். மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டு, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுள்ளன; கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தரவைக் காக்கத் தக்க ஏற்பாடு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஊர்ச் சங்கத்தின் மீது அவ்வளவு பெரிய தொகை பாயும் என்று நான் மிரட்டவில்லை. ஆனால், உறுப்பினர் பட்டியலைத் தேர்தல் வேட்பாளருக்கும், காப்பீட்டு முகவருக்கும், மனை விற்பவருக்கும் பென்டிரைவில் போட்டுக் கொடுக்கும் வழக்கம் எத்தனை சங்கங்களில் இருக்கிறது என்பதை நிர்வாகிகள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளலாம்.

தள்ளிவைத்த தேர்தல் பிறகு நடந்தது. வாழைமண்டிப் பெரியவர் வந்து வாக்களித்தார். யாருக்கு என்று தெரியாது. எனக்கு அவர் வணக்கம் சொல்லவில்லை. சந்தாவை அவர் இன்றும் ரொக்கமாகவே கட்டுகிறார். கைப்பேசிக்கு ரசீது வந்தாலும், தாளில் அச்சிட்டு ஒன்று வாங்கிக்கொண்டுதான் போகிறார். மேலாளர் ஓய்வுபெறும் முன், பேரேடுகளின் ஓரத்தில் தாம் பென்சிலில் எழுதிவைத்திருந்த குறிப்புகளை எல்லாம் புதிய அமைப்பில் ஏற்றிவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். மென்பொருளில் அதற்கென்று கட்டம் ஏதும் இல்லை. ஒன்றைச் சேர்ப்பதற்கு எவ்வளவு ஆகும் என்று நிறுவனத்திடம் கேட்டிருக்கிறோம்.